ஐம்பது மைக்ரான் சேமிப்பு

மூன்று வருடங்களுக்கு முன் தில்லியில் ஒரு கறுப்பு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். பார்த்த அன்று அதன் பானெட்டில் முகம் பார்த்துத் தலை சீவியிருக்கலாம். எஞ்சின் சத்தம், டயர், சர்வீஸ் புத்தகம் எல்லாவற்றையும் ஒப்புக்குப் பார்த்துவிட்டு, அந்தப் பளபளப்புக்குத்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. நான்கு முறை கழுவியான பிறகு ஒரு நாள் வெயிலில் பார்த்தால், பானெட் முழுக்கச் சிலந்தி வலை. சூரியனின் பிம்பம் விழும் இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். (அவை உண்மையில் வட்டமானவை அல்ல. எல்லாத் திசையிலும்தான் ஓடுகின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் கண் ஏமாறுகிறது.)

விற்றவர் கீறலை நீக்கவில்லை, மறைத்திருக்கிறார். எண்ணெயும் மெழுகும் கலந்த பாலிஷைத் தேய்த்தால் கீறலின் பள்ளங்கள் தற்காலிகமாக நிரம்பிவிடும். ஷாம்பூ படப்பட வேஷம் கலையும். கார் வாங்கப் போகிறவர்கள் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து ஒரு சிறு பாட்டிலில் எடுத்துப் போய், அனுமதி கேட்டுக்கொண்டு, பானெட்டில் உள்ளங்கை அளவு இடத்தைத் துடைத்துப் பார்க்கலாம். விற்பவரின் முகம் மாறுவதிலேயே பாதி தெரிந்துவிடும்.

போன வருடம் அக்கா மகள் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு நம் கார்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மேற்கு தில்லியில் கார் பாலிஷ் செய்யும் கடை ஒன்றுக்கு ஓட்டிச் சென்றேன். முதலாளி, எந்த யோசனையும் இல்லாமல், புதுக் கார் போல் ஆக்கித் தருகிறேன் என்றார். வேலை செய்யும் இளைஞர் எதுவும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து, கூரையிலும் கதவுகளிலும் பானெட்டிலும் வைத்து வைத்து எடுத்தார். கூரை 121. கதவு 117. பானெட் 84.

இந்த எண்கள் மைக்ரான்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். தொழிற்சாலையில் இரும்புத் தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட் என்று அடுக்குகிறார்கள். எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 140 மைக்ரான் வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 வரை. காய்கறிக் கடை பிளாஸ்டிக் பை 50 மைக்ரானுக்குக் குறையக்கூடாது என்று 2016இல் மத்திய அரசு விதி போட்டது. 2022 டிசம்பர் 31 முதல் அதை 120 ஆக்கியது. அந்தக் கணக்கில், லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் காரின் மேல் பூச்சு 2016லேயே தடையாகியிருக்கும்!

மெஷின் பாலிஷ் அந்த மெல்லிய பூச்சில் கைவைக்கும் வேலை. கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை மேடாக்க முடியாது. சுற்றியிருப்பதைப் பள்ளத்தின் அளவுக்குச் சீவலாம். காம்பவுண்டில் இருக்கும் அலுமினியம் ஆக்ஸைடு போன்ற நுண்துகள்கள் அதைத்தான் செய்கின்றன. பரப்பு சமமானால் வெளிச்சம் சிதறாமல் ஒரே சீராகத் திரும்புகிறது. நாம் அதைப் பளபளப்பு என்கிறோம். அழுத்தமாக ஒரு முறை காம்பவுண்ட் போட்டால் இரண்டு மூன்று மைக்ரான் போகலாம், முரட்டுக் கையென்றால் இன்னும் கூட. நகத்தால் வருடும்போது தட்டுப்படுகிற கீறலைப் பாலிஷ் போட்டுப் போக்க நினைப்பது ஆபத்து. அதற்குள் கிளியர் கோட் காலியாகிவிடலாம்.

அந்தக் காலத்து அம்பாசடரிலும் பத்மினியிலும் இந்த ரகசியம் இல்லை. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சு. ஞாயிற்றுக்கிழமை டிரைவர் ரப்பிங் காம்பவுண்ட் டப்பாவைத் திறந்து தேய்த்தால், நீலக் காருக்குத் துணி நீலமாகும், சிவப்புக் காருக்குச் சிவப்பாகும். எவ்வளவு போகிறது என்பது துணியிலேயே தெரியும். போதும் என்று கை நிற்கும். கிளியர் கோட்டுக்கு நிறமில்லை. பேடில் காம்பவுண்டின் வெள்ளைதான் ஒட்டுகிறது. போனது என்ன என்று வண்டிக்காரருக்கும் தெரிவதில்லை, பல கடைகளில் தேய்ப்பவருக்கும் தெரிவதில்லை. ஒவ்வொரு சர்வீஸின்போதும் பில்லில் ‘ரப்பிங் - பாலிஷ்’ என்று ஒரு வரி சேர்ந்தால், நாம் காசு கொடுத்துக் கரைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். அந்தப் பூச்சில்தான் வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கும் இருக்கிறது. அது மெலிந்த கார் சில கோடைகளில் வெளிறி, பிறகு தோல் உரிவதுபோல் உரிகிறது. அதற்குப் பாலிஷ் மருந்தில்லை. திரும்பப் பெயின்ட் அடிப்பதுதான்.

இளைஞர் பானெட்டைக் காட்டி, இதில் மெஷின் வைக்கமாட்டேன் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. முதலாளிக்கு என்னைவிடக் கோபம். கல்யாண அவசரத்தில் வந்த வாடிக்கையாளரை யார் திருப்பி அனுப்புவார்? இளைஞர் குரலை உயர்த்தவில்லை. இந்தக் கருவி மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், கிளியர் கோட் எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது. ஆனால் பக்கத்துக் கதவைவிட முப்பது மைக்ரானுக்கு மேல் குறைகிறது என்றால் யாரோ ஏற்கெனவே நிறையச் சாப்பிட்டுவிட்டார்கள் என்றார். முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒரு பானெட்டின் விளிம்பில் பெயின்டைத் தீய்த்துவிட்டாராம். திரும்ப அடித்த செலவு மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். இந்தக் கருவியைச் சொந்தக் காசில் வாங்கியது அதற்குப் பிறகு.

தீய்வது எளிது. ஒரே அச்சில் நிமிடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் சுற்றுச் சுற்றும் ரோட்டரி மெஷின், ஒரே இடத்தில் சில நொடி அதிகம் நின்றால் பூச்சு சூடேறி இளகும். விளிம்புகளில் பூச்சு இன்னும் மெல்லியது. சுற்றுவதோடு ஆடவும் செய்கிற ‘டூயல் ஆக்ஷன்’ மெஷினில் சூடு குறைவு, நேரம் அதிகம். ஒரு மணி நேரத்தில் காரைத் திருப்பித் தரும் கடைகளுக்கு அது கட்டுப்படியாகாது. அவர்கள் கம்பளிப் பேடும் ரோட்டரியுமாக முடித்துவிடுகிறார்கள். நிழலில் கண்ணாடி போல் இருக்கும் கார், வெயிலுக்கு வந்ததும் மெஷின் போன தடத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும்.

கடைசியில் பானெட்டைத் தவிர மற்றதற்கு ஒப்புக்கொண்டேன். அவர் வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டே பகல் முழுவதும் ஓடிவிட்டது. கழுவி, பூச்சில் குத்திக்கொண்டிருக்கும் பிரேக் துகள்களைக் களிமண் போன்ற ஒரு கட்டியால் உருவி எடுத்து, விளிம்புகளுக்கும் ரப்பர்களுக்கும் டேப் ஒட்டி, ஒரு மூலையில் மட்டும் சோதனை. முதலில் மிகச் சாதுவான பாலிஷ், மிருதுவான ஸ்பாஞ்ச். அதில் போகாவிட்டால்தான் அடுத்த படி. ஒன்றரை அடிச் சதுரமாகப் பிரித்து நெடுக்கில் ஒரு முறை, குறுக்கில் ஒரு முறை. ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் விளக்கடித்துப் பார்வை, கருவியில் கணக்கு. கூரை 121லிருந்து 119க்கு வந்திருந்தது. பானெட்டுக்குக் கையாலேயே மெழுகு போட்டு, கீறல் பாதி தெரியாதபடி செய்தார். ஆறு வாரம் தாங்கும் என்றார். எனக்கு ஒரு சாயங்காலம் தாங்கினால் போதும். விற்றவர் எனக்குச் செய்ததை நான் சம்பந்திக்குச் செய்தேன்.

முதலாளி செராமிக் கோட்டிங் போடச் சொல்லி ‘9ஹெச்’ என்று அச்சிட்ட அட்டையை நீட்டினார். அந்த 9ஹெச் பென்சில் கணக்கு. அந்தக் கடினமுள்ள பென்சிலால் கீறல் விழவில்லை என்று பொருள், வைரத்துக்கு அடுத்தது என்று அல்ல. தண்ணீர் ஓடுவதற்கும் அழுக்கு ஒட்டாமலிருப்பதற்கும் நல்லதுதான். நம் ஊர்த் தூசியில் இருக்கும் மணலுக்கு அது பதில் சொல்லாது.

கீறலின் பிறப்பிடம் நம் வீட்டு வாசல்தான். தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பது, உப்புத்தாளால் மிக மெதுவாகத் தேய்ப்பதற்குச் சமம். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் தூசியோடே விட்டுவிடலாம், தூசி தானாகக் கீறாது. ஆனால் தண்ணீர்? 2024 மார்ச்சில் பெங்களூர் குடிநீர் வாரியம், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அதையும் குறை சொல்வதற்கில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் விடியற்காலை கீழே இறங்கிப் போனேன். எங்கள் குடியிருப்பில் கார் துடைப்பவர் எட்டு மணிக்குள் இருபத்தி இரண்டு கார்களை முடிக்க வேண்டும். ஒரு பக்கெட், ஒரு துணி. என் கார் பதினாறாவது. என் காரை மட்டும் உலர்துணியால் தொட வேண்டாம், முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பிறகு துடையுங்கள் என்றேன். அவர் பக்கெட்டைச் சாய்த்துக் காட்டினார். அடியில் நான்கு விரற்கடைக்குச் சேற்று நிறத்தில் தண்ணீர். செக்ரட்டரி ஒரு பக்கெட்டுக்கு மேல் பிடிக்க விடமாட்டார், நீங்கள் வேண்டுமானால் மூன்றாவது மாடியிலிருந்து கொண்டுவாருங்கள் சாப் என்றார்.

இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் நான் பக்கெட்டோடு லிஃப்டில் இறங்குகிறேன். மற்ற ஐந்து நாளும் கார் தூசியோடு நிற்கிறது.