வடு மாங்காய் நறுக்குனு இருக்கணும்னா, முதல்ல மரம் நிக்கணும்

பங்குனி பிறந்தா போதும், டவுன்ல இருக்கிற சொந்தக்காரங்க போன் வர ஆரம்பிச்சிடும். "அப்பத்தா போடுற மாதிரி வடு மாங்கா போடணும், பக்குவம் சொல்லுப்பா. நாங்க போட்டா ஒரே மாசத்துல கொழகொழன்னு ஆயிடுது." இந்த வருஷமும் அதே கதைதான். பக்குவம் சொல்றதுல எனக்குக் கஷ்டமில்லை, அதுல ரகசியமும் இல்லை. ஆனா பக்குவத்தை நோட்டுல எழுதி வச்சுட்டா வடு மாங்காய் பிழைச்சுக்கும்னு எல்லாரும் நினைக்கிறோம் பாருங்க, அதுதான் எனக்கு ஒப்பலை.

முதல்ல பக்குவத்தைச் சொல்லிடறேன். எங்க வீட்டுக் கணக்கு 8 படி வடுவுக்கு 1 படி கல்லுப்பு. கொட்டை பிடிக்காத பிஞ்சா இருக்கணும், நகத்தால கீறினா உள்ளே வரைக்கும் வெள்ளையா இருக்கணும். காம்பு கொஞ்சம் ஒட்டியிருக்கட்டும். கழுவி, வேட்டித் துணியில பரப்பி, நிழல்லயே ஈரம் போகக் காயவிடணும். அப்புறம் விளக்கெண்ணெய் ரெண்டு மூணு கரண்டி விட்டு, ஒவ்வொரு காயிலும் படுற மாதிரி பிசிறணும். ஜாடியில ஒரு வரிசை வடு, ஒரு வரிசை உப்பு. வாயில வெள்ளைத் துணியால வேடு கட்டி, தினம் ரெண்டு வேளை குலுக்கி விட்டா, நாலைஞ்சு நாள்ல தண்ணி விட்டு தோல் சுருங்க ஆரம்பிக்கும். அந்தத் தண்ணியிலயே கடுகு, மிளகாய் வத்தல், மஞ்சளை அரைச்சுக் கலந்து திரும்ப ஊத்திட்டா வேலை முடிஞ்சது. மூணு வாரத்துல எடுக்கலாம். ஈரக்கையும் ஈரக்கரண்டியும் ஜாடிக்குள்ள போகவே கூடாது.

அவ்வளவுதான். இதையே பார்த்துப் பார்த்துச் செஞ்சும் ஏன் கொழகொழன்னு ஆகுது?

காய்க்கு விறைப்பைக் கொடுக்கிறது அதுல இருக்கிற பெக்டின். அது கரைஞ்சா காய் தளர்ந்துடும். பூசணம் பிடிச்சாலும் தளர்ந்துடும். உப்பு சரியா இருந்தா பூசணம் அண்டாது. கடல் உப்புல இருக்கிற கொஞ்சம் கால்சியம் பெக்டினை இறுக்கிப் பிடிக்கும், சுத்திகரிச்ச தூள் உப்புல அது குறைவு. இது எதுவும் தெரியாமலே அப்பத்தா கல்லுப்புதான் வேணும்னு அடம்பிடிப்பாங்க. ஆனா உப்பையும் எண்ணெயையும் விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. மரத்துல இருந்து ஜாடிக்குப் போக எத்தனை மணி நேரம் ஆச்சு? எங்க வீட்டுல காலையில பறிச்சது சாயங்காலம் உப்புக்குள்ள இருக்கும். டவுன் மார்க்கெட்டுல நீங்க வாங்குறது மூட்டையில அடிபட்டு, ரெண்டு நாள் வாடின பிஞ்சு. உதிர்ந்து கிடந்ததையும் சேர்த்து அள்ளியிருப்பாங்க. வாடின காயை எந்தக் கைப்பக்குவமும் நிமிர்த்தாது.

அதைவிடப் பெரிசு, எந்த மரத்துக் காய் என்பது. எங்க நத்தம் பக்கம் தோப்புக்குக் குறைச்சல் இல்லை. செந்தூரா, பங்கனபள்ளி, கல்லாமைன்னு ஒட்டு ரகமா நிக்குது. அதெல்லாம் பழத்துக்கு. வடுவுக்கு வாகானது வரப்புலயும் ஓடைக்கரையிலயும் தானா முளைச்சு வளர்ந்த நாட்டு மரம். அதுலயும் எல்லா மரமும் ஆகாது. ஒரு மரத்து வடு வருஷம் திரும்பியும் நறுக்குனு கடிபடும், பக்கத்து மரத்து வடு ஆறு மாசத்துல நார் நாராப் போகும். நம்ம ஊர் மாமரத்துக் கொட்டையை ஊன்றினா பெரும்பாலும் தாய் மரம் மாதிரியே கன்னு வராது, ஒவ்வொண்ணும் ஒரு தினுசா வரும். அதனால ஒரு நல்ல வடு மரத்தை வெட்டிட்டா, அந்த ருசி உலகத்துல வேற எங்கயும் இல்லை. பக்குவம் எழுதின நோட்டு தொலைஞ்சா இன்னொருத்தர்கிட்ட கேட்டுக்கலாம். மரம் போனா யாரைக் கேட்க?

இதைச் சும்மா சொல்லலை. எங்களுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் பொது வரப்புல அப்படி ஒரு மரம் நிக்குது. அப்பத்தா ஜாடி நிறைஞ்சதெல்லாம் அந்த மரத்தாலதான். இப்ப மரவியாபாரி வந்து விலை பேசிட்டுப் போயிருக்கார். அண்ணன் கேட்கிறார்: "பழம் புளிக்குது, ஒருத்தனும் வாங்க மாட்டேங்கிறான். நிழலடிச்சு ரெண்டு பக்கமும் வெள்ளாமை போகுது. எதுக்குடா நிக்கணும் அது?"

அவர் கேட்கிறது நியாயம்தான். நிழல்ல கடலை விளையாது. கடன் வச்சிருக்கிறவனுக்கு மரத்து விலை பெரிய காசு. "பாரம்பரியம்ணே" என்று சொன்னா அதை வச்சு வட்டி கட்ட முடியாது. அதனால நான் கணக்காகத்தான் பேசினேன். பழத்தை ஏன் பார்க்கணும்? வடுவை வித்தா என்ன? மாமரத்துல பிஞ்சு பிடிக்கிறதுல பெரும்பகுதி தானா உதிர்ந்துதான் போகும், ஒரு பூங்கொத்துக்கு ஒண்ணு ரெண்டு நின்னாலே அதிகம். உதிரப்போறதைப் பறிக்கிறதுல நஷ்டம் இல்லை. போன வருஷம் சொல்லி வச்சு அன்னன்னிக்குப் பறிச்சுக் கொடுத்ததுல 11 வீட்டுக்காரங்க வாங்கினாங்க. இந்த வருஷம் அந்தக் காசு முழுசும் அண்ணனுக்கே என்று சொல்லியிருக்கேன். சித்திரை முடிய யோசிக்கிறேன்னார்.

கர்நாடகத்துல மலைநாட்டுப் பக்கம் அப்பெமிடின்னு ஒரு வடு மாங்காய். சிர்சி, சாகர் பக்கத்து விவசாயிங்க ஆத்தங்கரையில நிக்கிற நல்ல மரங்களாப் பார்த்து, அதுல குச்சி எடுத்து ஒட்டுக் கட்டி தங்க நிலத்துல வளர்க்கிறாங்க. அதுக்குப் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. ஒட்டு என்றாலே அது பழத்துக்குத்தான்னு நாம முடிவு பண்ணிட்டோம். அவங்க ஊறுகாய்க்கும் ஒட்டுக் கட்டுறாங்க. நாம ஏன் செய்யக்கூடாது?

அதனால பக்குவம் கேட்கிற உறவுகளுக்கு என் பதில் இதுதான். உங்க ஊர்ல எந்த மரத்து வடு நிக்கும்னு வயசானவங்களைக் கேட்டு வைங்க. அந்த மரத்துக்காரர்கிட்ட நேராப் போய், பேரம் பேசாம வாங்குங்க. விவசாயம் பார்க்கிற மாப்பிள்ளைங்க, வைகாசியில தின்னு போடுற மாங்கொட்டையைக் காயவிடாம உடனே பையில ஊன்றி வைங்க. கன்னு பென்சில் தடிமன் வந்ததும் நல்ல வடு மரத்துக் குச்சியை ஒட்டுக் கட்டிடலாம். விதைக்கன்னு மாதிரி ஏழெட்டு வருஷம் காத்திருக்க வேண்டாம், நாலைஞ்சு வருஷத்துல காய்ப்புக்கு வரும். நான் 20 பை மண் நிரப்பி வச்சிருக்கேன். அண்ணன் என்ன முடிவு சொன்னாலும், அதுக்கு முன்னாடி குச்சி என் கைக்கு வந்தாகணும்.