சொல்லும் பொருளும்: ரிஸாலா

கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்குப் பயிலும் சகோதரி ஒருவர் வினவுகிறார்: "ரிஸாலா என்றால் கடிதம் என்றே ஓதியுள்ளோம். அரபு நாடுகளில் ஆய்வேட்டையும் அவ்வாறே அழைக்கிறார்களாமே?" கூடவே ஒரு கவலையையும் எழுதியுள்ளார். நிக்காஹ் நாள் நெருங்குகிறதாம். 'பணம் கொடுத்தால் எழுதித் தர ஆளிருக்கிறது, விரைவில் முடித்துவிடு' என்கிறார்களாம் வீட்டார்.

முதலில் சொல்லைக் காண்போம். 'அர்ஸல' என்றால் அனுப்பினான். அனுப்பப்பட்டவர் ரஸூல், அனுப்பப்படும் செய்தியும் மடலும் ரிஸாலா. மடலைக் குறித்த சொல் நூலுக்கு வந்ததற்குச் சிறந்த சான்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் 'அர்ரிஸாலா'. பஸராவின் ஹதீஸ் அறிஞர் அப்துர் ரஹ்மான் இப்னு மஹ்தீ (ரஹ்) கேட்டுக்கொண்டதற்கிணங்க, சட்ட மூலங்களை விளக்கி இமாமவர்கள் எழுதியனுப்பியதே அது என்பர் வரலாற்றாசிரியர்கள். ஹிஜ்ரி 204-இல் (கி.பி. 820) மறைந்த அப்பெருந்தகையின் மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களில், நூலின் பெயரைக்கூட அறியாத இல்லங்கள் உண்டு என்பது வருத்தத்திற்குரியது.

இன்று அரபுப் பல்கலைக்கழகங்களில் முதுகலை ஆய்வேட்டை ரிஸாலா என்றும், முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பெரும்பாலும் 'உத்ரூஹா' என்றும் வழங்குவர். பின்னது 'முன்வைத்தல்' எனும் பொருளில் பிறந்தது. 'தீஸிஸ்' எனும் கிரேக்கச் சொல்லுக்கும் 'வைத்தல்' என்றே பொருள்! நம் தமிழோ பனையோலையை நினைந்து 'ஏடு' என்றது.

இனி அந்தக் கவலை. மடலென்றால் அனுப்புநர் ஒருவர் உண்டு. பிறர் எழுதியதைத் தம் பெயரால் அனுப்புவது பொய். அதற்குப் பட்டம் பெறுவது மோசடி. அளவு சிறிதாயினும் பாதகமில்லை. அதே கொடைக்கானலில், 1909-இல் சூரிய ஆய்வகத்தின் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டு எழுதினார். சில பக்கங்களே, இன்றும் அது 'எவர்ஷெட் விளைவு' என்றே வழங்குகிறது.

வீட்டார் அவசரப்படவும் தேவையில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வுக்கு ஆறு ஆண்டுகள் உண்டு. மறுபதிவால் மேலும் இரண்டாண்டுகள் பெறலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டாண்டுகள். மகப்பேற்றிற்கும் குழந்தைப் பராமரிப்பிற்கும் 240 நாள் வரை விடுப்பும் உண்டு. சகோதரி இப்பக்கத்தைத் தந்தையாரிடமும், மணமகன் வீட்டாரிடமும் காட்டட்டும்.