விஷமற்ற பண்டம் வேண்டும்! சிறு உற்பத்தியாளனும் வாழ வேண்டும்!

ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் உழைப்பாளியின் பசியை ஆற்றுவது எது? ஒரு கிளாஸ் டீயும் ஒரு கடலை மிட்டாயும்தான். அதில் விஷம் கலந்தால் அவதிப்படுவது யார்? முதலாளியா? இல்லை, நாம்தான்!

ஆகவே, "ஏழை செய்யும் பண்டத்துக்குச் சோதனை எதற்கு?" என்று கேட்போர் பக்கம் நாம் நிற்க முடியாது. ஈரம் காயாத நிலக்கடலையை மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அது அஃப்ளடாக்ஸின் என்ற விஷத்தைக் கக்கும். வறுத்தாலும் இந்த விஷம் முற்றும் அழியாது; நாளடைவில் ஈரலில் புற்றுநோய் உண்டாக்கும். வடை மடிக்கும் செய்தித்தாளின் மையும் உடலுக்குக் கேடுதான். நமது பத்திரிகையும் இதற்கு விலக்கல்ல. படியுங்கள், பண்டம் மடிக்காதீர்கள்!

ஆனால் பழியை யார் தலையில் போடுவது? கோவில்பட்டியைப் பாருங்கள். 2020-ல் அவ்வூர்க் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்தது. பண்டத்துக்குக் காப்பு எங்கே? வெல்லப்பாகு ஈரத்தை இழுக்கும். காற்றுப் பட்டால் கடலை சிக்கெடுக்கும். காற்றும் ஈரமும் புகாத உறை வேண்டும். அதை ஒட்ட இயந்திரம் வேண்டும். சரக்கைச் சோதிக்க இடம் வேண்டும். அடுப்படியில் வேகும் சிறு உற்பத்தியாளன் ஒற்றை ஆளாய் இதற்கெல்லாம் எங்கே போவான்?

சட்டத்துக்கோ பஞ்சமில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல் இயற்றப்பட்டு 2011-ல் அமலுக்கு வந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழக சர்க்கார் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை போட்டது. தள்ளுவண்டிக்காரனின் பை பறிபோயிற்று. தொழிற்சாலையிலேயே அடைத்து ஒட்டிய கம்பெனி உறைக்கோ விலக்கு! அந்த விலக்கை ரத்துச் செய்யும் உத்தரவு 2020 ஜூனில்தான் வந்தது. ஏழைக்கு உடனே தடை, கோடீஸ்வரனுக்கு ஒன்றரை ஆண்டுச் சலுகை! இதுதானா நியாயம்?

மத்திய சர்க்கார் 2020-ல் 35 சதவீத மானியத் திட்டம் அறிவித்தது. ஆனால் வங்கி கடன் கொடுத்தால்தான் மானியம். பத்தில் ஒரு பங்கைக் கைப்பணமாகவும் போட வேண்டும். கைப்பணம் இல்லாதவனுக்கு என்ன வழி?

நமது கோரிக்கைகள் இவை: கடலை விளையும் ஊர்தோறும் சிமெண்டுக் களமும் தார்ப்பாயும் வேண்டும். வட்டந்தோறும் பொதுச் சோதனைக் கூடமும், பண்டம் அடைத்து ஒட்டும் கூடமும் வேண்டும். கூட்டுறவு மூலம் அடக்க விலைக்கு உறை வேண்டும்.

ஆலைத் தோழர்களே! இந்தக் கூட்டுறவுப் பண்டங்களைக் கேண்டீனில் வாங்கச் சொல்லி வற்புறுத்துங்கள். விவசாயத் தொழிலாளத் தோழர்களே! ஈரக் கடலையை மூட்டை கட்டச் சொன்னால், கூடி நின்று மறுத்துக் கூறுங்கள். தின்பவனும் செய்பவனும் ஒரே வர்க்கம். சேர்ந்து கேட்போம், போராடிப் பெறுவோம்!