காசைத் தேய்க்காதீர்கள், படம் எடுங்கள்

என் தாத்தாவின் தகரப் பெட்டியில் ராஜராஜன் பெயர் பொறித்த செம்புக்காசு ஒன்று இருந்தது. ஒருபுறம் நிற்கும் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம், அருகே நாகரியில் ஸ்ரீராஜராஜ என்ற எழுத்து. பளபளக்கட்டும் என்று யாரோ புளி போட்டுத் தேய்த்ததில் எழுத்து பாதி போய்விட்டது. அதற்கு முன் எடுத்த படம் ஒன்றாவது இருந்திருக்கக் கூடாதா என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

பழங்காசு கைக்கு வந்தால் முதல் வேலை படம் எடுப்பதுதான். விலை உயர்ந்த கேமரா வேண்டாம். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்; அது உலோகத்தில் பட்டு வெள்ளைத் திட்டாகிவிடும். ஜன்னலோரம் மேசை போட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி காசை வையுங்கள். மேடுகளின் நிழல் விழ விழ, மங்கிய எழுத்தும் எழுந்து நிற்கும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911 வெள்ளி ரூபாயை இப்படித்தான் எடுத்தேன். அவர் அங்கியில் உள்ள யானை பன்றிபோல் இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, 1912-இல் உருவத்தைத் திருத்தினார்கள். காசைச் சற்றே திருப்பியதும் அந்தக் குட்டைத் தும்பிக்கை திரையில் துலங்கியது. கண்ணாடி போட்டும் எனக்குப் பிடிபடாத நுணுக்கம் அது!

கேமராவை முக்காலியில் காசுக்கு நேர் மேலே நிறுத்தி, மேக்ரோவில், 2 விநாடி டைமர் வைத்து எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல். இரு பக்கமும், விளிம்பும். எடையையும் எழுதிவையுங்கள்.

கணினியில் நிறத்தை மெருகேற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. பச்சைக் களிம்பு பச்சையாகவே தெரியட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். புளியைத் தொடாதீர்கள்.