வங்கிச் செயலி திறக்கவில்லையா? கோளாறு உங்கள் கைத்தொலைபேசியில் இல்லாமல் இருக்கலாம்

"இணைக்க முடியவில்லை."

கைத்தொலைபேசியை அணைத்துப் போட்டாலும் அதே செய்திதான் வருகிறதா?

உங்கள் கணக்கு விவரம் செயலியில் இல்லை. வங்கியின் தரவுத்தளத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இணைப்பு அறுந்தால் செயலிக்குப் பதில் கிடைக்காது.

2023 அக்டோபர் 14ஆம் தேதி சிங்கப்பூரில் டிபிஎஸ், சிட்டிபேங்க் சேவைகள் தடைபட்டன. தரவு நிலையத்தின் குளிரூட்டும் முறை பழுதாகி, வெப்பம் கூடியதே காரணம். சுமார் 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் பாதிக்கப்பட்டன.

மாற்று நிலையம் இல்லையா?

இருந்தது. ஆனால் டிபிஎஸ் தரப்பில் கட்டமைப்பு தவறாக அமைக்கப்பட்டிருந்தது. சிட்டிபேங்க்குக்கு இணைப்புச் சிக்கல். மாற்று நிலையம் இருந்தால் மட்டும் போதுமா? அங்கு போகும் வழியையும் முன்கூட்டியே சோதிக்கணும்.

முக்கியச் சேவை ஒவ்வொன்றும் 12 மாதத்தில் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் எதிர்பாராமல் தடைபடக்கூடாது என்பது சிங்கப்பூர் நாணய வாரியத்தின் விதி.

நீங்கள் என்ன செய்யலாம்?

- பணம் போனதா என்று தெரியாமல் மறுபடி அனுப்பாதீங்க. சேவை திரும்பியதும் கணக்கைச் சரிபாருங்கள்.
- கொஞ்சம் ரொக்கமோ வேறு வங்கியின் அட்டையோ கையில் இருக்கட்டும்.
- "சரிசெய்ய இங்கே தட்டவும்" என்று குறுஞ்செய்தி வந்தால் தொடவே வேண்டாம்.