கழுத்தில் கட்டியா? மறைக்காதீர்கள்!

ஆடி மாதம் வந்தால் திருவேற்காடு கருமாரியம்மன் கோவிலில் கூட்டம் அலை மோதும். நோய் நொடி தீர வேண்டும் என்று பெண்கள் அம்மனை வேண்டுவார்கள். கழுத்தில் உள்ள கட்டியைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு நிற்பவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள்.

மறைப்பதுதான் ஆபத்து.

தொண்டைக்கு முன்னால் தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறது. அதில் வரும் கட்டி, ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். பெரும்பாலான கட்டிகள் கெடுதல் இல்லாதவை. சில கட்டிகள் மட்டுமே புற்றுநோய்.

எது எது என்று எப்படித் தெரியும்?

டாக்டர்கள் மெல்லிய ஊசியைக் கட்டியில் செலுத்தி, துளி அளவு எடுப்பார்கள். கத்தி இல்லை. தையல் இல்லை. அந்தத் துளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பலருக்கு விடை கிடைத்துவிடும்.

ஆனால் சிலருக்கு, "நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை" என்று முடிவு வரும். அப்போது ஆபரேஷன் செய்து பார்க்க நேரிடுகிறது. பார்த்தால், பல கட்டிகள் கெடுதல் இல்லாதவை! சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டால், ஆயுள் முழுவதும் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும்.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கப் புது வழி பிறந்திருக்கிறது. உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் பல வகைப் புரதங்கள் உண்டு. புற்றுநோய் வந்தால் சில புரதங்கள் கூடும், சில குறையும். சிங்கப்பூர், சீன ஆராய்ச்சியாளர்கள் 1,724 தைராய்டு மாதிரிகளைச் சோதித்து, கம்ப்யூட்டர் உதவியுடன் 19 புரதங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். பிறகு, ஊசியால் எடுத்த 294 மாதிரிகளில் சோதித்தார்கள். 100க்கு 85 சரியாக இருந்தது. இது 2022ல் வெளியான முடிவு.

85 போதுமா? போதாது. மீதி 15 பேரும் மனிதர்கள்தானே! ஆராய்ச்சி தொடர வேண்டும். நம் நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளிலும் அது நடக்க வேண்டும். ஏழைக்கு வீண் ஆபரேஷன் என்றால் செலவு மட்டுமா? கூலியும் போகும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். சாதாரண ஊசிச் சோதனையே பலருடைய கவலையைத் தீர்க்கும். திருவேற்காட்டுக்காரர்கள் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரி. அதையும் தாண்டினால் சென்ட்ரல் எதிரே பெரிய ஆஸ்பத்திரி.

கட்டி வேகமாக வளர்ந்தாலோ, குரல் கம்மினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

அம்மனை வேண்டுங்கள். டாக்டரிடமும் கழுத்தைக் காட்டுங்கள்.