வாப்பாவின் காரும் பாஸ் கழற்றச் சொல்லும் எஞ்சினும்

இம்மாதம் அடுப்படியை விட்டுக் கொஞ்சம் கராஜ் பக்கம் போவோம். எஞ்சின் சமாச்சாரம் நமக்கென்னத்துக்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

மௌத்தாகிவிட்ட வாப்பாவின் அல்லது கணவரின் மொரிஸ் மைனர் கார் இன்னும் சில வீடுகளில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. ஒருநாள் பாஸ் ஒருவர் வந்து பொனட்டைத் திறந்து பார்ப்பார். "இந்த எஞ்சின் முடிஞ்சுது உம்மா. கழட்டிட்டு ஜப்பான் எஞ்சின் ஒண்டு போடுவோம். பழச நானே ஒரு விலைக்கு எடுக்கிறன்" என்பார். உடனே தலையாட்டிவிடாதீர்கள். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கொடுப்பது எதுவென்று தெரியாமல் கொடுக்கக் கூடாதல்லவா?

மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. ஆரம்பத்தில் வந்தது 918 சீ.சீ. எஞ்சின். 1952 முதல் 803, 1956இல் 948, 1962இல் 1098 என்று மாறின. முன்கண்ணாடி நடுவே பிரிந்து இரண்டு துண்டாக இருந்தால் வண்டி 1956க்கு முந்திய அமைப்பு. ஆனால் வண்டியின் வயதும் எஞ்சினின் வயதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

பழந்துணியில் கொஞ்சம் பெற்றோல் நனைத்துக்கொள்ளுங்கள். சாரதி ஆசனத்திலிருந்து பார்க்கும்போது எஞ்சினின் வலப்பக்கம், டைனமோவுக்கு மேலே, சிறிய உலோகத் தகடு ஒன்று இருக்கும். அழுக்கைத் துடைத்தால் இலக்கம் தெரியும். '9எம்' என்று தொடங்கினால் 948, '10எம்ஏ' என்றால் 1098. உங்கள் கார் 1958இல் பதிவானது, தகட்டில் 10 என்று இருக்கிறது என்றால், இடையில் யாரோ எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள். அது கள்ள வேலை என்று எண்ண வேண்டாம். கூடுதல் இழுவைக்காக அப்படி மாற்றியவர்கள் அநேகர்.

இனி அலுமாரியிலிருந்து பதிவுப் புத்தகத்தை எடுத்து, எஞ்சின் இலக்கத்தை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். தகடும் புத்தகமும் ஒத்துப்போனால், தேடி வாங்குவோர் கேட்கும் பொருள் உங்களிடம் இருக்கிறது. இரும்பு விலைக்கு அதைக் கொடுப்பது நஷ்டம். ஒத்துப்போகாவிட்டால், விற்பதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். அப்படிப்பட்ட எஞ்சினை வாப்பாவின் ஞாபகம் என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

'முடிஞ்சுது' என்பதையும் சோதிக்கலாம். நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்கத் துவாரத்தால் ஹேண்டிலைப் போட்டு மகனைச் சுற்றச் சொல்லுங்கள். சுற்றினால் எஞ்சின் இறுகிப்போகவில்லை. சுற்றாவிட்டால் பிளக் துவாரங்களில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிச் சில நாள் விட்டுப் பாருங்கள். நீலப் புகை தள்ளும் எஞ்சினையும் பெரும்பாலும் திருத்தலாம். இதே குடும்பத்து எஞ்சின் 2000 வரை மினி கார்களில் வந்ததால் உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சமில்லை. ஈயம் கலந்த பெற்றோல் நின்றுபோனதால் வால்வ் இருக்கைகளைக் கடினமான உலோகத்தில் மாற்றச் சொல்லுங்கள். புளொக்கே வெடித்திருந்தால் கதை வேறு.

ஜப்பான் எஞ்சினில் தினமும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப்போவது லேசுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் காரின் பிரேக் 48 குதிரைவலுவுக்கு மேல் கண்டதில்லை. அதைவிடப் பலமான எஞ்சினைப் போட்டுவிட்டு பிரேக்கை அப்படியே விடும் பாஸிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. வாப்பாவின் சொத்து பங்கிடப்படவில்லையானால் அந்தக் கார் நானா, ராத்தா, உம்மா எல்லோருக்கும் உரியது. எஞ்சினும் அதில் அடக்கம். வீட்டிலிருப்பவர் தனியே தீர்மானித்துக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு பெருநாளைக்கும் முகம் பாராமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. முதலில் எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள்.

எல்லோரும் சம்மதித்து எஞ்சினை மாற்றினாலும், பழையது இலக்கம் ஒத்ததாக இருந்தால் வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். தண்ணீரை வடித்து, சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு, பிளக்குகளைத் திரும்பப் பூட்டி, நிலத்தில் படாமல் பலகை மேல் வைத்து மூடிவிடுங்கள். இலக்கத் தகட்டை மட்டும் யாரும் கழற்ற விடாதீர்கள்.